கழுவிய ஸ்பாஞ்சும் நான்காம் நாள் செத்த மீன்களும்

கொளத்தூர் சந்தையில் வாங்கிய ஆறு தங்கமீன்களும் மூன்று மாதம் நன்றாக இருந்தன என்றும், ஃபில்டரின் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பளிச்சென்று அலசி மாட்டிய நான்காம் நாள் நான்கு மீன்கள் செத்து மிதந்தன என்றும் ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வீட்டுக்கு வந்த திருஷ்டியை மீன்கள் வாங்கிக்கொண்டதாக அக்கம்பக்கத்தார் தேற்றினார்களாம். அந்த விளக்கத்தில் ஒரு வசதி உண்டு: தண்ணீரை யாரும் சோதிக்க வேண்டியதில்லை.

மீன் தன் கழிவின் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட தீனியும் அழுகி அதையே தருகிறது. அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 7 உள்ள தண்ணீரில் இதில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருப்பதில்லை. பிஎச் 8 ஆனால் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு நச்சாகிவிடும்.

இனி ஸ்பாஞ்சுக்குள் போவோம். அதன் ஒவ்வொரு துளையின் சுவரிலும் கைக்கு வழுவழுப்பாகத் தட்டுப்படும் பழுப்புப் படலம் ஒன்று படர்ந்திருக்கும். அதில் ஒட்டி வாழும் நுண்ணுயிர்களில் ஒரு கூட்டம் அம்மோனியாவை ஆக்சிஜனோடு சேர்த்து நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் நஞ்சுதான், ஆனால் அதையே ஆகாரமாகக் கொண்ட நைட்ரோஸ்பைரா என்ற பாக்டீரியா அருகிலேயே இருந்து, அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாக முடித்துவைக்கிறது. இந்த வேலையில் கிடைக்கும் ஆற்றல் மிகச் சொற்பம். அதைக் கொண்டே கரியமில வாயுவிலிருந்து உடலைக் கட்டிக்கொள்ள வேண்டியிருப்பதால், குடலில் வாழும் ஈகோலை பாக்டீரியா இருபது நிமிடத்தில் இரட்டிக்கும் இடத்தில் இவற்றுக்கு ஒரு நாள்கூட ஆகலாம். புதிய தொட்டி பக்குவப்பட நான்கு முதல் ஆறு வாரம் பிடிப்பது இதனால்தான். குழாய்த் தண்ணீரின் குளோரின் இந்தப் படலத்தைக் கொன்றது, கசக்கிப் பிழிந்த கை மிச்சத்தையும் உரித்தது. அம்மோனியா நாளுக்கு நாள் ஏறியது.

அம்மோனியாவை உண்டு வாழும் ஆர்க்கியா (பாக்டீரியா போலத் தோன்றினாலும் வேறு வகையான நுண்ணுயிர்) 2005-இல் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது சியாட்டில் நகர மீன் காட்சியகத்தின் தொட்டியிலிருந்துதான். இரண்டு படிகளையும் தனியாகவே செய்துமுடிக்கும் நைட்ரோஸ்பைரா இருப்பதை 2015-இல் இரண்டு குழுக்கள் அறிவித்தன. அவற்றில் ஒன்று மீன் வளர்ப்பு அமைப்பின் ஃபில்டரில் அதைக் கண்டது. "இதனால் என்ன லாபம்?" என்று விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே கேட்கும் ஆராய்ச்சி நிதிக்குழுக்கள் இத்தகைய தேடலுக்குப் பணம் தருமா என்பது எனக்குச் சந்தேகமே.

ஃபில்டர் வாங்கும்போது, தொட்டிக் கொள்ளளவைப் போல நான்கு மடங்குத் தண்ணீரை ஒரு மணி நேரத்தில் சுழற்றுகிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் போதும். அழுக்கு மிகுதியாகப் போடும் தங்கமீனுக்கு இன்னும் பெரிதாகவும், ஓட்டத்தைத் தாங்காத ஃபைட்டர் மீனுக்கு ஏர் பம்பில் ஓடும் எளிய ஸ்பாஞ்ச் ஃபில்டராகவும் இருக்கட்டும். ஓட்டம் குறையும்போது மட்டும், தொட்டியிலிருந்தே ஒரு வாளி தண்ணீர் எடுத்து அதில் ஸ்பாஞ்சை மெதுவாக அமுக்கி அலச வேண்டும். மூடிய கேனிஸ்டர் ஃபில்டர் மணிக்கணக்கான மின்வெட்டில் ஆக்சிஜன் தீர்ந்து உள்ளேயே அழுகத் தொடங்கும். உள்நீரைக் கொட்டிவிட்டு ஓடவிடுவது நல்லது.

வாசகரின் மிஞ்சிய இரண்டு மீன்களுக்கு இரண்டு நாள் தீனி வேண்டாம். குளோரின் நீக்கிய தண்ணீரால் தினமும் மூன்றில் ஒரு பங்கை மாற்றி, நோயில்லாத தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் பழைய அழுக்கு ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து ஃபில்டருக்குள் வைக்கட்டும்.