அம்மா சொதி வைக்கத் தடுமாறினால் கவனியுங்கள்

திருகோணமலையில் முதியவர்களின் மனநலத்தைப் பார்க்கும் மருத்துவர் நான். டிமென்ஷியா எனப்படும் மறதி நோயோடு வருகிறவர்களில் அநேகமாக யாரையும் மறதிக்காக வீட்டார் கூட்டிவருவதில்லை. "மருமகள் நகையை எடுத்துட்டாள் எண்டு சண்டை பிடிக்கிறா", "இரவு முழுக்க நித்திரை இல்லை", "வீட்டை விட்டு வெளிக்கிட்டு உப்புவெளியில நிண்டவர்" என்றுதான் வருகிறார்கள். எப்போது தொடங்கியது என்று கேட்டால், "இரண்டு மூன்று வருசமா மறதி இருந்தது டொக்டர், வயசு போனா அப்படித்தானே எண்டு விட்டுட்டம்" என்பார்கள். எனக்கு வருத்தமெல்லாம் இப்படிக் கைவிட்டுப்போன அந்த வருடங்களைப் பற்றித்தான்.

வயது போனால் பெயர் சட்டென்று நினைவுக்கு வராது, கண்ணாடியை வைத்த இடம் மறக்கும். அது வேறு. வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை கையை விட்டுப் போவது வேறு. ஒரு தாய்க்கு (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்) முதலில் பிழைத்தது சொதி. வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயத்தை இரண்டாம் பாலில் அவியவிட்டு, கடைசியில் முதற்பால் சேர்த்து, இறக்கிய பிறகுதான் தேசிக்காய் பிழிய வேண்டும். அவருக்கு அது கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. ஒருநாள் கொதிக்கும் பாலில் புளியை விட்டுவிட்டார், சொதி திரைந்துபோனது. அடுத்த வாரமும் அதேதான். எதற்குப் பின் எது என்ற ஒழுங்கை மூளை இழந்துகொண்டிருந்தது. மகளோ, "அம்மாவுக்குக் களைப்பு, இனி நான் சமைக்கிறன்" என்று அடுப்படியைத் தன் பொறுப்பில் எடுத்தார். அன்புதான், ஆனால் அதோடு நோயும் மறைந்துகொண்டது. சமைக்காதவர் எங்கே தடுமாறுகிறார் என்று யாருக்குத் தெரியும்?

பிள்ளைகள் கனடாவிலோ கட்டாரிலோ இருக்கும் வீடுகளில் இது இன்னும் நன்றாக மறையும். வீடியோ கோலில் "சாப்பிட்டீங்களா?" "ஓம்." "மருந்து குடிச்சீங்களா?" "ஓம்." சிரித்த முகமாகப் பத்து நிமிடம் சமாளிக்க இந்த நோயாளிகளால் நன்றாகவே முடியும். "இண்டைக்கு என்ன கறி? ஆர் வந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சுற்றி வளைந்து போனால், பக்கத்தில் இருக்கிறவர்களிடமும் விசாரியுங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021 இல் உலகெங்கும் 5 கோடியே 70 இலட்சம் பேர் இந்த நோயோடு வாழ்ந்தார்கள். ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் புதிதாகச் சேர்கிறார்கள். 60 முதல் 70 சதவீதம் வரை அல்சைமர் வகை. இலங்கையில் 2012 குடிசன மதிப்பீட்டின்போதே நூற்றுக்கு 12 பேருக்கு மேல் 60 வயதைத் தாண்டியிருந்தார்கள். நம் தெருவிலும் இது பெருகத்தான் போகிறது.

எல்லா மறதியும் திரும்பாத மறதி என்று நினைக்க வேண்டாம். தைரொயிட் குறைவு, பி12 விற்றமின் குறைவு, மனச்சோர்வு, விழுந்து தலையில் அடிபட்டு மெல்லக் கசியும் இரத்தம் போன்றவையும் டிமென்ஷியா போலவே காட்டும். அவற்றுக்கு வைத்தியம் உண்டு. சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கும் பிரிட்டோன் (Piriton) குளிசைகூட வயதானவர்களைக் குழப்பிவிடும். நேற்றுவரை நன்றாக இருந்தவர் ஓரிரு நாளில் திடீரென்று பிதற்றத் தொடங்கினால், கிளினிக் திகதிக்குக் காத்திருக்காதீர்கள். சிறுநீர்த் தொற்றாகவோ இரத்தத்தில் உப்பு, சீனி இறங்கியதாகவோ இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அல்சைமரை முழுதாகக் குணமாக்க மருந்து இல்லை. சிலருக்குச் சில காலம் அறிகுறிகளைத் தணிக்கும் குளிசைகள் இருக்கின்றன. மருந்தைவிட அதிகம் உதவுவது வீட்டார் பேசும் விதம். கிண்ணியாவில் பாலம் திறந்தது 2009 இல். அதற்குமுன் துறையடியில் பாதை எனப்படும் மிதவைப் படகுக்குக் காத்திருந்து, கரை கடந்து வேலைக்குப் போன பெரியவர் ஒருவர், பின்னேரமானால் "பாதை போயிடும்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளிக்கிடுவார். "பாலம் போட்டு எவ்வளவு காலம் வாப்பா!" என்று மகன் விளக்க விளக்க அவருக்குக் கோபம் ஏறும். பிறகு மகன் மாற்றிக்கொண்டார். "பாதை வர நேரமிருக்கு வாப்பா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவம்." தேத்தண்ணி முடிவதற்குள் அந்த அவசரம் போய்விடும்.

இன்னொரு வீட்டில், கோயில் திருவிழாவுக்கு வெடி கொளுத்தினால் அம்மம்மா உடுப்புகளை மூட்டை கட்டுவார். இன்று காலை சாப்பிட்டதை மறந்தவருக்கு இடம்பெயர்ந்த நாட்கள் மறக்கவில்லை. இந்த மாவட்டத்தில் அப்படி எத்தனையோ பேர். அவரிடம் சண்டை முடிந்துவிட்டது என்று வாதாடாமல், கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள், அது போதும்.

கோயிலில் நூல் கட்டுவதையும் பள்ளியில் ஓதிப் பார்ப்பதையும் நான் தடுப்பதில்லை. கிளினிக்கை மட்டும் பின்போடாதீர்கள். "அறளை பெயர்ந்த மனிசன்" என்று அவர் காதுபடப் பேசாதீர்கள். பார்த்துக்கொள்ளும் மகளோ மருமகளோ இரவில் தூங்கிப் பல மாதம் ஆகியிருக்கும். மற்றப் பிள்ளைகள் காசு அனுப்புவதோடு நிற்காமல், மாதத்தில் சில நாளாவது பொறுப்பை மாறி எடுக்க வேண்டும்.

நாற்பது, ஐம்பது வயதில் இருக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிரஷர், சீனி வருத்தம், கொலஸ்ட்ரோல், புகைத்தல், கவனிக்காமல் விட்ட காது மந்தம் எல்லாம் இந்த நோய்க்கான அபாயத்தைக் கூட்டுகின்றன. இப்படி மாற்றக்கூடிய 14 காரணிகளைச் சரிசெய்தால் உலகில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று 2024 இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு மதிப்பிட்டது.

முதல்முறை கிளினிக்குக்கு வரும்போது அவருடைய எல்லா மருந்துகளையும், கடையில் வாங்கியது, நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். மூக்குக் கண்ணாடியை மறக்க வேண்டாம். ஒரே வீட்டில் அவரோடு இருக்கிறவர் கட்டாயம் கூட வரவேண்டும். என்னென்ன மாறியது, எப்போதிருந்து என்று ஒரு கொப்பியில் எழுதி வந்தால் இன்னும் நல்லது. அவர் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால் அந்தக் கொப்பியை என்னிடம் நீட்டுங்கள், நான் வாசித்துக்கொள்கிறேன்.