தூண்டில் உரிமப் பணம்: மானியம் கேட்கும் முன் எழுதி வைக்க வேண்டியவை

பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுகிறவர்கள் உரிமத்துக்குக் கட்டும் பணம் பல நாடுகளில் அரசின் பொதுக் கணக்கில் கரைந்துவிடுவதில்லை. அது தனிக் கணக்கில் சேர்ந்து மீன்பிடி மேடை, படகுத்துறை, மீன்குஞ்சு விடுதல், கரைச் சீரமைப்பு என்று தூண்டில்காரர்களுக்கே திரும்ப வேண்டும் என்பது சட்டம். அதைக் கேட்டுப் பெறும் வாய்ப்பு உள்ளூர்ச் சங்கங்களுக்கும் நகராட்சிகளுக்கும் உண்டு. கேட்டும் கிடைக்காமல் போகிறவர்களிடம் யோசனைக்குப் பஞ்சம் இருப்பதில்லை. இடம் யாருடையது, கட்டி முடித்த பிறகு யார் பராமரிப்பார் என்ற இரண்டு கேள்விகளுக்குத்தான் பதில் இருப்பதில்லை. விண்ணப்பத்தை அங்கிருந்து எழுதத் தொடங்குங்கள். திட்டத்தின் அழகை விவரிக்கும் பக்கத்தைக் கடைசியில் எழுதலாம்.

பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால், கேட்கப்படும் கேள்விகள் ஏன் வருகின்றன என்பதும் விளங்கும். அமெரிக்காவில் 1950ஆம் ஆண்டின் டிங்கெல்-ஜான்சன் சட்டப்படி, தூண்டில் கோல், ரீல், செயற்கை இரை போன்றவற்றைத் தயாரிப்பவரும் இறக்குமதி செய்பவரும் தீர்வை கட்டுகிறார்கள். பெரும்பாலான பொருட்களுக்கு அது 10 சதவீதம். 1984இல் வந்த வாலப்-ப்ரோ திருத்தம் விசைப்படகு எரிபொருள் வரியையும் இதில் சேர்த்தது. மாநிலங்களுக்கான பங்கில் 60 சதவீதம் உரிமம் வைத்திருப்பவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது, 40 சதவீதம் நிலம், நீர்ப் பரப்பைப் பொறுத்தது. திட்டச் செலவில் பொதுவாக 75 சதவீதம் வரை கூட்டரசு தரும். மீதியை மாநிலத் தரப்பு போட வேண்டும். உரிமக் கட்டணத்தை வேறு செலவுக்குத் திருப்பிவிடும் மாநிலம் இந்த நிதிக்கான தகுதியையே இழக்கும். பணம் மாநில மீன்வளத் துறைக்குத்தான் வரும் என்பதால், சங்கம் அந்தத் துறையோடு சேர்ந்துதான் திட்டம் போட முடியும்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் முறை வேறு. உரிமக் கட்டணம் உப்புநீருக்கு ஒன்று, நன்னீருக்கு ஒன்று என இரண்டு பொழுதுபோக்கு மீன்பிடி அறக்கட்டளைகளுக்குப் போகிறது. சங்கங்கள் நேரடியாக விண்ணப்பிக்கலாம். 2001-02 வாக்கில் கழிமுகங்களும் கடலோர ஏரிகளுமாக 30 இடங்களில் வணிக மீன்பிடிப்பை நிறுத்தி, அங்கே தொழில் செய்தவர்களின் உரிமங்களை விலை கொடுத்து வாங்கியதும் இந்தப் பணத்தை நம்பித்தான். இங்கிலாந்தில் தூண்டில் உரிம வருவாயின் ஒரு பகுதி, தூண்டில்காரர்களின் அமைப்பான ஆங்லிங் டிரஸ்ட் நடத்தும் ஆங்லிங் இம்ப்ரூவ்மென்ட் ஃபண்ட் வழியாகச் சங்கங்களுக்குப் போகிறது. குளங்களைச் சுற்றி நீர்நாய் புகாத வேலி போடக்கூட அதில் உதவி கிடைத்திருக்கிறது.

எங்கோ ஓர் ஊரில் உரிமம் வாங்கிய ஒருவரின் பணத்தை உங்கள் ஊரில் செலவழிக்கப் போகிறீர்கள். அவருக்கு இதில் என்ன பயன் என்றுதான் தேர்வுக் குழு பார்க்கும். பொதுமக்கள் காரை நிறுத்த இடம் உண்டா, வாயிற்கதவு எத்தனை மணிக்குப் பூட்டப்படும், உறுப்பினர் அல்லாதவர் உள்ளே வரலாமா என்பதையெல்லாம் கேட்காமலே எழுதிவிடுங்கள்.

அடுத்தது இடம். ஆற்றுப் படுகை அரசுக்கு, கரை நகராட்சிக்கு, கரைக்கு வரும் மண்பாதை பக்கத்து விவசாயிக்கு என்று ஒரே மேடைக்கு மூன்று உடைமையாளர்கள் இருப்பது சாதாரணம். மூவரிடமும் எழுத்தில் சம்மதம் வேண்டும். 'இத்திட்டத்தை வரவேற்கிறோம்' என்ற ஆதரவுக் கடிதம் சம்மதம் ஆகாது. 'எங்கள் நிலத்தில் இந்த வரைபடத்தில் உள்ளபடி கட்ட அனுமதிக்கிறோம், கட்டிய பிறகு உடைமை எங்களுடையது, பராமரிப்பும் காப்பீடும் எங்கள் பொறுப்பு' என்று வர வேண்டும். இந்தக் கடைசி வரியை வாங்குவதற்குத்தான் மாதக்கணக்கில் ஆகும். அதை எழுதித் தர நகராட்சி தயங்கினால், அந்தத் தயக்கத்தைத் தீர்க்காமல் விண்ணப்பம் போட வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

தண்ணீருக்குள் ஒரு தூண் நட்டாலும் தனி அனுமதி தேவைப்படும். அமெரிக்காவில் கப்பல் போக்குவரத்துக்கு உரிய நீர்வழி என்றால், 1899ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10ஆம் பிரிவுப்படி ராணுவப் பொறியாளர் படையின் அனுமதி வேண்டும். கூட்டரசுப் பணம் தொட்ட வேலை என்பதால் சுற்றுச்சூழல், தொல்பொருள் ஆய்வுகளும் சேரும். நியூ சவுத் வேல்ஸில் படுகையைத் தோண்டவும் தூர்க்கவும் மீன்வளச் சட்டத்தின் கீழ் அனுமதி பெற வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் செய்த வேலைக்குப் பெரும்பாலான திட்டங்கள் ஒரு காசும் தராது. 'பணம் வரத்தானே போகிறது' என்று முன்கூட்டியே கான்கிரீட் போட்டவர்கள் அந்தச் செலவைச் சங்கக் கணக்கில்தான் எழுத வேண்டியிருக்கும்.

மீன்பிடி மேடையில் அடிக்கடி தவறாக அமைவது கைப்பிடி. கட்டடக்காரர் பாதுகாப்பை மனதில் வைத்துச் சுற்றிலும் 42 அங்குல உயரத்துக்குக் கம்பி வைத்துவிடுவார். சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பவரால் அந்தக் கம்பிக்கு மேலே கோலை வீசவும் முடியாது, மீனைத் தூக்கவும் முடியாது. அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டு அணுகல் தரங்கள், கைப்பிடி இருக்கும் மேடையில் அதன் மொத்த நீளத்தில் குறைந்தது 25 சதவீதம் 34 அங்குலத்துக்கு, அதாவது 865 மி.மீ.க்கு, மேல் போகக் கூடாது என்கின்றன. தாழ்ந்த பகுதிகளை ஒரே மூலையில் ஒதுக்காமல் மேடை முழுக்கப் பிரித்து வைக்க வேண்டும். மூலையில் தண்ணீர் ஆழமில்லாமல் இருந்தால் அவருக்கு மீனே கிடைக்காதே! சக்கரம் நழுவாமலிருக்க, தாழ்ந்த கைப்பிடி உள்ள இடத்தில் குறைந்தது 2 அங்குல உயரத்துக்கு விளிம்புத் தடுப்பு வேண்டும். இல்லையென்றால் கம்பிக்கு வெளியே தளம் 12 அங்குலம் நீண்டிருக்க வேண்டும். நாற்காலி நிற்க 30க்கு 48 அங்குல வெற்றிடமும் தேவை. இந்த அளவுகளை வரைபடத்திலேயே போட்டுவிட்டால் ஒப்பந்தக்காரர் பிறகு மாற்ற முடியாது. கார் நிறுத்துமிடத்திலிருந்து மேடை வரைக்குமான பாதையையும் அதே வரைபடத்தில் காட்டுங்கள். பாதை ஜல்லியாகக் கிடந்தால் மேடையில் செய்த கவனமெல்லாம் வீண்.

மீன்களின் வாழிடச் சீரமைப்பு கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் மீன் பெருகுவதற்கு அதைவிட நல்ல முதலீடு அரிது என்று நான் உறுதியாகச் சொல்வேன். நியூ சவுத் வேல்ஸில் வாழிடத்துக்கென்றே தனி மானியம் உண்டு. மீன் ஏறிவரத் தடையாக இருக்கும் பழைய தடுப்பணைகளை நீக்குவது, கரையில் நாட்டு மரங்களை நடுவது, ஆற்றில் மரக்கட்டைகளைத் திரும்பப் போடுவது எல்லாம் அதில் அடங்கும். மரக்கட்டையில் நடக்கும் தவறு ஒன்றுதான்: உலர்ந்த கட்டை மிதக்கும், முதல் வெள்ளத்தில் போய்ப் பாலத்தில் முட்டும். எடை கட்டியோ முளை அடித்தோ நிறுத்தும் முறையைப் பொறியாளர் கையெழுத்தோடு இணைத்தால் நகராட்சியின் பயம் குறையும். கரைக்கு வேலி போடும்போது மாடுகளுக்கு வேறிடத்தில் தண்ணீர்த் தொட்டி வைக்கும் செலவையும் சேருங்கள். தொட்டி இல்லாத வேலியை மாடுகள் ஒரே கோடையில் சாய்த்துவிடும்.

குஞ்சு விடும் திட்டத்தில் அவசரம் கூடாது. எந்த இனம், எந்தப் பண்ணை, நோயில்லை என்ற சான்று, அந்த நீர்நிலையில் விட அனுமதி ஆகியவை முதலில் வேண்டும். இயற்கையாகவே இனப்பெருக்கம் நன்றாக நடக்கும் இடத்தில் குஞ்சு விடுவது வீண் செலவு. பொருந்தாத மரபு கலந்தால் கெடுதலும் கூட. நியூ சவுத் வேல்ஸில் சங்கம் போடும் டாலருக்கு டாலர் அறக்கட்டளையும் போட்டு மரே காட், கோல்டன் பெர்ச், ஆஸ்திரேலியன் பாஸ் குஞ்சுகளை விடும் திட்டம் இருக்கிறது. விடும் நாளில் பையை நீரில் மிதக்கவிட்டு வெப்பநிலை சமமான பிறகு, ஆற்று நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்துத் திறக்க வேண்டும். இதை யார் செய்வார் என்ற ஒரு வரி விண்ணப்பத்தில் இருக்கட்டும்.

சிறிய தொகைக்கு நல்ல திட்டம் வேண்டுமென்றால், அறுந்த தூண்டில் நரம்பைச் சேகரிக்கும் குழாய். 6 அங்குல விட்டமும் சுமார் 2 அடி நீளமும் உள்ள பி.வி.சி. குழாய், மழை இறங்காதபடி மேலே ஒரு முழங்கை வளைவு, கீழே திருகிக் கழற்றும் மூடி, மூடியில் நீர் வடிய ஒரு துளை. செலவு சொற்பம்தான், ஆனால் காலி செய்ய ஆள் இல்லாவிட்டால் நிரம்பி வழிந்து நரம்பு பறவையின் காலில்தான் சுற்றும். ஒற்றை இழை நைலான் நரம்பு மட்டுமே மறுசுழற்சிக்குப் போகும், பின்னல் நரம்பு போகாது. முள்ளை நீக்கிவிட்டுப் போடச் சொல்லும் பலகையும் வேண்டும். எந்தக் குழாயை யார் எத்தனை நாளுக்கு ஒருமுறை திறப்பார் என்ற அட்டவணையை இணைத்தால், விண்ணப்பம் மற்றவற்றைவிட ஒரு படி மேலே நிற்கும்.

வரவு செலவுக் கணக்கில் ஒவ்வொரு பெரிய வேலைக்கும் தேதியிட்ட விலைப்புள்ளி இணையுங்கள். விண்ணப்பிக்கும் நாளுக்கும் பணம் வரும் நாளுக்கும் இடையே விலை ஏறும். எதிர்பாராச் செலவுக்கு இடம் உண்டா என்று விதிமுறையில் பாருங்கள்; இல்லையென்றால், விலைப்புள்ளி எத்தனை மாதம் செல்லும் என்று ஒப்பந்தக்காரரிடமே எழுதி வாங்குங்கள். தன்னார்வலர் உழைப்பைப் பங்களிப்பாகக் காட்டலாம் என்றால் பெயர், தேதி, மணிநேரம், கையெழுத்து உள்ள பதிவேடு முதல் நாளிலிருந்தே வேண்டும், பின்னால் நினைவிலிருந்து எழுதிய பதிவேடு தணிக்கையில் நிற்காது. செலவழித்த பிறகு பில் காட்டித் திரும்பப் பெறும் முறை என்றால், அதுவரை தாங்கும் கையிருப்பு சங்கத்துக்கு இருக்கிறதா என்பதையும் பொருளாளர் உறுதி செய்ய வேண்டும்.

பயனை நிரூபிக்க வேலை தொடங்கும் முன்பே எண்ண வேண்டும். வாரநாளில் ஒரு காலை, ஒரு மாலை, வார இறுதியில் அதேபோல என்று எத்தனை பேர் தூண்டில் போடுகிறார்கள், எத்தனை குழந்தைகள் என்று குறித்து வையுங்கள். கட்டிய பிறகு அதே மாதங்களில், அதே நேரங்களில் மறுபடி எண்ணுங்கள். கோடையில் ஒரு முறையும் குளிர்காலத்தில் ஒரு முறையும் எண்ணி ஒப்பிட்டால் அந்தக் கணக்கு எதற்கும் உதவாது.

நடுவழியில் திட்டம் மாறும். பாறை தட்டும், தூணை இரண்டு மீட்டர் தள்ள வேண்டியிருக்கும், மரத்துக்குப் பதில் அலுமினியத் தளம் போட வேண்டியிருக்கும். நியாயமான மாற்றங்களுக்கு நிதி தரும் அலுவலகங்கள் பெரும்பாலும் இடம் கொடுக்கும், ஆனால் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். மாற்றிய பிறகு சொன்னால் கடைசித் தவணை நிற்கும். எனவே ஒப்பந்தக்காரர் 'கொஞ்சம் மாத்திக்கலாமா' என்று கேட்கும் அன்றே வேலையை நிறுத்தி, பழைய வரைபடம், புதிய வரைபடம், விலை வித்தியாசம் மூன்றையும் திட்ட அலுவலருக்கு அனுப்பிவிட்டுப் பதில் வரும்வரை காத்திருங்கள்.