நாலு விடை வந்த கணக்கு

தண்டையார்பேட்டையிலிருந்து பிளஸ் டூ மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "3 சைன் அ + 4 கொசைன் அ = 2.5. வர்க்கப்படுத்திப் போட்டா நாலு விடை வருது. புத்தகத்துல ரெண்டுதான் இருக்கு. ஏன் சார்?"

4 கொசைன் அ-வை வலப்பக்கம் தள்ளிவிட்டு வர்க்கப்படுத்தினால் கூட்டல், கழித்தல் குறி அழிந்துபோகும். அதனால் சரியான விடைகளோடு அவற்றின் கண்ணாடி பிம்பங்களும் (23.13°, 263.13°) உள்ளே புகுந்துவிட்டன. திரும்பப் போட்டுப் பார்த்தால் மாட்டிக்கொள்ளும். அது கிடக்கட்டும், வர்க்கமே வேண்டாம்.

காசிமேட்டில் படகு கட்டும் தச்சர் கையில் மூலமட்டம் பார்த்திருப்பீர்கள், 'ட' எழுத்து மாதிரி இருக்கும். ஒரு கை 3 அடி, இன்னொன்று 4 அடி என்று பெரிதாக ஒன்று செய்துகொள்வோம். 3 அடிக் கையின் நுனியைச் சுவரில் ஆணியடித்து, முழுசாகச் சுற்றும்படி விடுங்கள். அந்தக் கை படுத்திருந்தால் 4 அடிக் கை செங்குத்தாக நிற்கும். இப்போது 'அ' கோணம் தூக்குங்கள். முழங்கை, அதாவது இரண்டு கையும் சேரும் மூலை, 3 சைன் அ உயரம் ஏறும். 4 அடிக் கையும் அதே அளவு சாயும், அதன் பங்கு 4 கொசைன் அ. இரண்டையும் கூட்டினால் ஆணியிலிருந்து நுனியின் உயரம். நம் கணக்கின் இடப்பக்கம் அதுதான்!

இனி முழங்கையை மறந்துவிடுங்கள். ஆணிக்கும் நுனிக்கும் நேராக ஒரு நூல் கட்டினால் சரியாக 5 அடி. (கடைக்கால் போடும்போது கொத்தனார் நூல் பிடிக்கும் அதே 3-4-5. ஈசான்ய மூலைக்கு ஜோசியரை அழைக்கும் வீட்டுக்காரருக்கு, மூலை மூலையாக இருப்பதே இந்த நூலால்தான் என்று யார் சொல்வது?) மட்டம் வளையாது, ஆகவே நூல் எப்போதும் 3 அடிக் கையைவிட 53.13° முன்னாலேயே ஓடும். நுனியின் உயரம் 5 சைன் (அ + 53.13°). சைன், கொசைன் என்ற இரண்டு அலை ஒரே சைன் அலை ஆகிவிட்டது.

5 அடி நூலின் நுனி 2.5 அடியில் இருக்கவேண்டும் என்றால் சைன் மதிப்பு பாதி. ஏறும்போது 30°, இறங்கும்போது 150°. 53.13-ஐக் கழித்தால் 96.87°, மற்றது −23.13°, அதாவது 336.87°. ஒரு சுற்றில் ஒருமுறை ஏற்றம், ஒருமுறை இறக்கம், ஆக இரண்டே விடை.

வலப்பக்கம் 6 வந்தால் கால்குலேட்டர் 'எர்ரர்' காட்டுகிறதே என்றும் கேட்டிருந்தார். அதைத் தட்டிப் பிரயோஜனமில்லை. நூலே 5 அடிதான், எப்படிச் சுற்றினாலும் நுனி 6 அடிக்கு எட்டாது.