மேற்கோள் எண்கள் எதை அளக்கின்றன?

அறிவியல் வரலாற்றில் அதிக முறை மேற்கோள் காட்டப்பட்ட 100 ஆய்வுக் கட்டுரைகளை 2014-இல் நேச்சர் இதழ் பட்டியலிட்டது. டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் வடிவத்தை அறிவித்த 1953-ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு அந்த நூறில் இடமில்லை. முதலிடத்தில் இருந்தது, ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறையை விளக்கும் கட்டுரை. ஆலிவர் லௌரியும் மூன்று சகாக்களும் 1951-இல் எழுதியது. அதற்குக் கிடைத்த மேற்கோள்கள் 3 லட்சத்துக்கும் மேல்.

முறை எளிமையானதுதான். காரக் கரைசலில் புரதம் செம்பு அயனிகளோடு பிணையும். பிறகு ஃபோலின் வினைபொருளைச் சேர்த்தால் நீல நிறம் வரும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு புரதம். உயிர்வேதியியல் ஆய்வகங்களில் இது அன்றாட வேலை. செய்த ஒவ்வொருவரும் தன் கட்டுரையில் ‘லௌரி முறைப்படி அளந்தோம்’ என்று எழுதி அந்தக் கட்டுரையைக் குறிப்பிட்டார்கள். மேற்கோள் எண்ணிக்கை முதன்மையாக அளப்பது இந்தப் பயன்பாட்டைத்தான். ஒரு கண்டுபிடிப்பு எவ்வளவு ஆழமானது என்பது வேறு கேள்வி.

இந்தக் கணக்கைப் பெரிய அளவில் தொடங்கி வைத்தவர் யூஜின் கார்ஃபீல்ட். யார் யாரைக் குறிப்பிடுகிறார்கள் என்று தொகுக்கலாம் என 1955-இல் எழுதினார். 1964-இல் அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிட்டார்.

சரி, ஒரு தனி விஞ்ஞானியை எப்படி அளப்பது? மொத்த மேற்கோள்களைக் கூட்டினால், ஒரே ஒரு கட்டுரை எல்லாவற்றையும் மறைத்துவிடலாம். அதனால் இயற்பியலாளர் ஹோர்கே ஹிர்ஷ் 2005-இல் எச்-குறியீட்டை முன்வைத்தார்: ஒருவருடைய எத்தனை கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது அத்தனை மேற்கோள்கள் பெற்றிருக்கின்றனவோ, அந்த மிகப் பெரிய எண். ஒருவருடைய ஐந்து கட்டுரைகளுக்கு 40, 12, 9, 4, 2 என்று மேற்கோள்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். குறைந்தது 4 மேற்கோள் பெற்றவை நான்கு. 5 மேற்கோள் பெற்றவை ஐந்து இல்லை. ஆகவே எச்-குறியீடு 4. முதல் கட்டுரையின் 40 நாளைக்கே 4,000 ஆனாலும் அது 4-தான். ஒரே ஒரு பெரிய வெற்றியால் இந்த எண் ஏறாது. அதன் பலமும் அதுவே, குறையும் அதுவே.

துறை மாறினால் இந்த எண்ணின் பொருளே மாறிவிடும். ஹிர்ஷே தன் கட்டுரையில் இதைக் காட்டினார்: இயற்பியலில் எட்வர்ட் விட்டனின் குறியீடு 110, மூளையில் மருந்துகள் செயல்படும் விதத்தை ஆராய்ந்த சாலமன் ஸ்னைடரின் குறியீடு 191. ஸ்னைடர் விட்டனைவிட மேலானவர் என்று இதற்குப் பொருள் கொள்ளவே முடியாது. உயிரியலிலும் மருத்துவத்திலும் ஆய்வாளர்கள் அதிகம், கட்டுரைகள் அதிகம், ஒவ்வொரு கட்டுரையின் மேற்கோள் பட்டியலும் நீளம். அதனால், அதே துறையில் அதே ஆண்டில் வந்த கட்டுரைகளின் சராசரியோடு ஒப்பிடுவதே நியாயம்.

ஆய்விதழ்களுக்கான தாக்கக் காரணி இன்னும் ஏமாற்றக்கூடியது. முந்தைய இரண்டு ஆண்டுகளில் அந்த இதழில் வந்த கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு கிடைத்த மேற்கோள்களை, அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது அது. ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா என்ற இதழின் ஏ பிரிவுக்கு இது 2-ஐ ஒட்டியே இருந்தது. 2009-இல் கிட்டத்தட்ட 50-க்குத் தாவியது! காரணம் ஒரே கட்டுரை. படிகங்களில் அணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று கணக்கிட வேதியியலாளர்கள் பயன்படுத்தும் ஷெல்எக்ஸ் மென்பொருளைப் பற்றி ஜார்ஜ் ஷெல்ட்ரிக் 2008-இல் எழுதியது. ஆயிரக்கணக்கானோர் அதைக் குறிப்பிட்டார்கள். அதே இதழில் பக்கத்தில் வந்த மற்ற கட்டுரைகளின் தரம் அதனால் கடுகளவும் கூடவில்லை. அந்த இரண்டு ஆண்டுக் கணக்கிலிருந்து 2008 வெளியேறியதும் எண் பழையபடி இறங்கிவிட்டது.

மருத்துவத்தில் இன்னொரு கவலையும் உண்டு: கண்டித்துக் குறிப்பிட்டாலும் அது ஒரு மேற்கோள்தான். தடுப்பூசியை ஆட்டிசத்தோடு இணைத்து ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் 1998-இல் லான்செட்டில் வெளியிட்ட கட்டுரை 2010-இல் திரும்பப் பெறப்பட்டது. அதைக் குறிப்பிட்டவர்களில் பெரும்பாலோர் மறுத்தே எழுதினார்கள். எண்ணும் நிரலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

காலமும் ஏமாற்றும். கிராஃபைட் ஆக்சைடு தயாரிக்க ஹம்மர்ஸும் ஆஃப்மேனும் 1958-இல் ஒரு வழி சொன்னார்கள். பல பத்தாண்டுகள் அதை அதிகம் பேர் கவனிக்கவில்லை. 2004-இல் கிராஃபீன் என்ற ஒரே அணு தடிமனுள்ள கார்பன் தாள் பிரித்தெடுக்கப்பட்ட பிறகு, அதைப் பெருமளவில் தயாரிக்க உதவும் வழியாக அந்தப் பழைய கட்டுரையை உலகமே தேடியது.

இதழின் தாக்கக் காரணியை வைத்துத் தனி ஆய்வாளரை மதிப்பிடக் கூடாது என்று 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடியவர்கள் ஓர் அறிக்கையை உருவாக்கினார்கள். அது மிகவும் சரி என்பதே என் கருத்து. ஒருவருக்கு வேலையோ நிதியோ தருவதற்கு முன் அவருடைய சிறந்த மூன்று, நான்கு கட்டுரைகளையாவது வாசிக்க வேண்டும். அப்புறம், அவற்றைக் குறிப்பிட்டவர்கள் எந்த வரியில், எதற்காகக் குறிப்பிட்டார்கள் என்றும் பார்க்க வேண்டும்.