மரினியேர்: தமிழில் என்ன சொல்லலாம்?

வெள்ளைப் பருத்தியில் நீலக் கோடுகள் குறுக்காக ஓடும், காலர் இல்லாத, தலைவழியாகப் போட்டுக்கொள்ளும் சட்டைதான் மரினியேர். கடைகளில் 'பிரெட்டன் டி-ஷர்ட்' என்றும் விற்கிறார்கள். பிரெட்டன் என்றால் பிரான்சின் வடமேற்குக் கடலோரமான பிரிட்டனியைச் சேர்ந்தது.

மரினியேர் பிரெஞ்சுச் சொல். லத்தீனில் 'மாரே' என்றால் கடல். அந்த வேரிலிருந்து 'மாலுமிக்குரியது' என்ற பொருளில் வந்தது. 1858 மார்ச் 27 அன்று வெளியான ஆணை, இதைப் பிரெஞ்சுக் கடற்படையின் சீருடையில் சேர்த்தது. அளவெல்லாம் கறாராக எழுதியிருக்கிறார்கள்: உடல் பகுதியில் 20 மி.மீ. அகல வெள்ளைக் கோடுகள் 21, அவற்றுக்கிடையே 10 மி.மீ. அகல நீலக் கோடுகள். அதாவது நீலத்தைப்போல வெள்ளை இரண்டு மடங்கு. இரண்டும் சம அகலத்தில் இருந்தால் அது சும்மா கோடு போட்ட டி-ஷர்ட், அவ்வளவுதான். கை முக்கால் அளவே இருக்கும். மேலே போடும் சீருடைக்கு வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது அல்லவா? 21 கோடுகளும் நெப்போலியனின் 21 வெற்றிகளைக் குறிப்பதாகச் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, கதையாகவே வைத்துக்கொள்ளலாம்.

ஆக, இது முதலில் உள்ளாடை. டி-ஷர்ட்டின் கதையும் ஏறக்குறைய இதுதான். விரித்து வைத்தால் 'டி' என்ற ஆங்கில எழுத்துப்போல் இருப்பதால் வந்த பெயர் அது. அமெரிக்கக் கடற்படை அதைச் சீருடைக்குள் போடத்தான் கொடுத்தது. இரண்டுக்கும் துணியும் ஒன்றே: தறியில் நெய்யாமல், நூலைக் கண்ணி கண்ணியாகக் கோத்துப் பின்னியது. அதனால்தான் இழுத்தால் நீள்கிறது, உடம்போடு ஒட்டி நிற்கிறது. இந்தப் பின்னலுக்கு 'ஜெர்சி' என்று பெயர் கொடுத்ததும் ஒரு கடல் தீவுதான்: ஆங்கிலக் கால்வாயிலுள்ள ஜெர்சித் தீவு, கம்பளிப் பின்னலாடைகளுக்குப் பேர்போனது.

சரி, தமிழில்? 'மாலுமிச் சட்டை' பொருளில் சரிதான், ஆனால் சட்டை என்றதும் பொத்தானும் காலரும் கண்முன் வந்து நிற்கின்றன. 'கடலோடிச் சட்டை' விளம்பரத்துக்கு ஆகும், பேச்சில் நிற்காது. பழஞ்சொல் வேண்டுவோருக்கு 'மெய்ப்பை' இருக்கிறது. முல்லைப்பாட்டில் பாசறையைக் காக்கும் யவனர் மெய்ப்பை அணிந்தே வருகிறார்கள். கடல் கடந்து வந்தவர்களின் உடை, உடம்பைப் போட்டுக்கொள்ளும் பை என்ற பொருள், எல்லாம் பொருந்துகிறது. கடையில் கேட்டால்தான் யாருக்கும் புரியாது.

என் தேர்வு 'வரிப்பனியன்'. பனியனும் பயணப்பட்ட சொல்தான்: வணிகரைக் குறிக்கும் குஜராத்தி 'வாணியோ' போர்த்துகீசியர், ஆங்கிலேயர் வாயில் 'பனியன்' ஆகி, ஒரு காலத்தில் தொளதொள அங்கிக்குப் பெயராக இருந்து, பிறகு இங்கே உள்ளாடைக்கு வந்தது. பின்னல் துணி, உள்ளே போடுவது என்ற இரண்டு குறிப்பும் அதில் தானாகவே வந்துவிடுகின்றன. பிரெஞ்சு மாலுமிகள் சொல்லும் 'ட்ரிக்கோ ரேயே'வுக்கும் 'கோடு போட்ட பின்னல்' என்பதே பொருள். உள்ளாடைப் பெயரோடு வெளியே போட்டுக்கொள்ளக் கூச்சமாக இருந்தால் 'வரிப்பின்னல்' என்று சொல்லலாம். தோளிலிருந்து தோள்வரை அகன்று கிடக்கும் அதன் 'போட் நெக்'குக்குப் 'படகுக் கழுத்து' போதும்.