மாட்டுக்கு வலி ஊசி: எது தடை, எதைக் கேட்டு வாங்குவது, எங்கெங்கே அலைய விடுவார்கள்

மாடு நொண்டினாலும், மடி வீங்கினாலும், காய்ச்சலில் தீனி எடுக்காமல் நின்றாலும் முதலில் போடுவது வலி ஊசிதான். அதில் நான்கு மருந்துகளைக் கால்நடைக்குத் தடை செய்திருக்கிறார்கள்: டைக்ளோஃபினாக், கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக், நிமெசுலைடு. டைக்ளோஃபினாக்குக்கு 2006இலேயே தடை வந்துவிட்டது. கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபினாக்கும் 2023இல் தடையாயின, நிமெசுலைடு அதற்குப் பிறகு. இந்த ஊசி போட்ட மாடு செத்து, அதைப் பாறு கழுகு தின்றால், பறவையின் சிறுநீரகம் கெட்டுச் சாகிறது. தமிழ்நாட்டில் மிஞ்சியிருக்கும் பாறுகள் நீலகிரி மலையடிவாரத்து மோயாற்றுப் பள்ளத்தாக்கைச் சுற்றித்தான் வாழ்கின்றன. பின்னணி இவ்வளவு போதும்.

கேட்டு வாங்க வேண்டியவை இரண்டு: மெலாக்சிகாம், டால்ஃபினாமிக் ஆசிட். இரண்டுமே பாறுகளுக்குக் கேடில்லாதவை என்று சோதித்துப் பார்க்கப்பட்டவை. மெலாக்சிகாம் எளிதில் கிடைக்கும்.

முதல் சிக்கல் பாட்டிலின் பெயரில். மேலே பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். உள்ளே என்ன மருந்து என்பது பொடி எழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். ‘பிளஸ்’ என்று முடியும் பெயர்களில் இரண்டு மருந்துகள் கலந்திருக்கும். மெலாக்சிகாமுடன் பாராசிட்டமால் இருந்தால் சரி. நிமெசுலைடுடன் பாராசிட்டமால் என்றால் அது தடை செய்த சரக்கு. ஊசி ஏற்றுவதற்கு முன்பே பாட்டிலை வாங்கி, பொடி எழுத்தைப் போனில் படம் எடுங்கள். வீட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் காட்டுங்கள். கால்நடை மருந்தென்றால் லேபிளில் விலங்குத் தலைப் படமும், விலங்குகளுக்கு மட்டும் என்ற வாசகமும் இருந்தாக வேண்டும்.

விலங்குத் தலைப் படம் இல்லையென்றால் அது மனிதருக்கான மருந்து. டைக்ளோஃபினாக் இன்னும் மாட்டுக்குள் போவது இந்த வழியில்தான். 30 மில்லி பாட்டிலை வாங்கி மாட்டுக்குப் போடுகிறார்கள் என்பதால், மனித டைக்ளோஃபினாக் ஊசியை 2015 முதல் ஒரு வேளைக்கான 3 மில்லி அளவில் மட்டுமே விற்க வேண்டும் என்று ஆக்கினார்கள். அதன்பிறகும் சின்னக் குப்பிகளை ஒவ்வொன்றாக உடைத்து ஒரே சிரிஞ்சில் இழுப்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் தொழுவத்தில் யாராவது அப்படி வரிசையாகக் குப்பி உடைத்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

அடுத்தது மருந்துக்கடை. டாக்டர் சீட்டில் மெலாக்சிகாம் என்று எழுதியிருப்பார். ‘அது இல்லை, இதுவும் அதேதான்’ என்று கடையில் வேறொன்றைத் தருவார்கள். 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 65ஆம் விதிப்படி, சீட்டுக்கு மட்டுமே விற்கக்கூடிய மருந்தை மாற்றிக் கொடுக்கக் கடைக்காரருக்கு அதிகாரம் கிடையாது. இல்லையென்றால் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள். பேட்ச் எண்ணோடு பில் கேளுங்கள். பில் தர மறுக்கும் கடையில் வாங்கவே வேண்டாம். நாளைக்கு மாடு செத்தால் கையில் ஒரு ஆதாரமும் இருக்காது.

சீட்டு என்றால் டாக்டரின் கையெழுத்தும் தேதியும் உள்ள சீட்டு. அரசு கால்நடை மருந்தகத்தில் ‘ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கிட்டு வாங்க’ என்று துண்டுத்தாளில் எழுதித் தருவது வாடிக்கை. அந்தத் தாள் கடையிலும் செல்லாது, புகாரிலும் செல்லாது. மருந்தின் பெயரை முழுதாக எழுதி, கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். உங்கள் மாட்டின் விவரம் சிகிச்சைப் பதிவேட்டில் ஏறியதா என்றும் பாருங்கள். மாட்டை ஓட்டிப் போக முடியாதவர்கள் 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் மருத்துவ வண்டி வரும். ‘இன்றைக்கு உங்கள் ஊருக்கு ரூட் இல்லை’ என்று சொன்னால் அதோடு போனை வைத்துவிடாதீர்கள். அழைப்பைப் பதிவு செய்யச் சொல்லி, எந்த நாள் வரும் என்று கேட்டு வாங்குங்கள். அந்த இடைவெளியில்தான் பைக்கில் பெட்டியோடு வருபவர் உள்ளே நுழைகிறார். 1984ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான் வைத்தியம் பார்க்கலாம். அரசு அனுமதித்த உதவியாளர்கள் மருத்துவரின் மேற்பார்வையில் சிறு வேலைகள் செய்யலாம், அவ்வளவே.

அளவிலும் கவனம் வேண்டும். மாட்டுக்கு மெலாக்சிகாம் ஒரு கிலோ எடைக்கு அரை மில்லிகிராம். மில்லிக்கு 5 மில்லிகிராம் உள்ள பாட்டிலானால் 300 கிலோ மாட்டுக்கு 30 மில்லி. 20 மில்லிகிராம் பாட்டிலானால் ஏழரை மில்லிதான். இரண்டையும் குழப்பினால் ஒன்று நாலு மடங்கு ஏறிவிடும், இல்லை கால் பங்குதான் போகும். கழிச்சலில் நீர் வற்றிக் கிடக்கும் மாட்டுக்கு வலி ஊசி சிறுநீரகத்தைக் கெடுக்கும். முதலில் உடம்பில் நீர் ஏற வேண்டும். கன்று போட்டதும் கால்சியம் குறைந்து எழ முடியாமல் படுத்த மாட்டை வலி ஊசி எழுப்பாது. ‘கலந்து போட்டா சீக்கிரம் கேட்கும்’ என்று டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைச் சேர்க்க விடாதீர்கள். நிறைசினை மாட்டுக்கு அது கரு கலையவைக்கும். வலி ஊசியோடு சேர்ந்தால் வயிற்றில் புண்ணும் வரும்.

பாலைப் பற்றி யாரும் சொல்வதில்லை. எத்தனை நாள் பாலை ஊற்றக்கூடாது என்பது லேபிளில் இருக்கும். அப்படி நிர்ணயித்த காலம் எதுவும் இல்லாவிட்டால் விதிப்படி பாலுக்குக் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள். இதைச் சொல்லாமல் ஊசி போட்டுவிட்டு, சொசைட்டியில் பால் திரும்பினால் பழி பால்காரர் தலையில் விழுகிறது. ஊசிக்கு முன்பே கேளுங்கள், சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

குதிரைக்கு ஃபுளூனிக்சின் என்ற வலி ஊசி போடுவது உண்டு. அதை டாக்டர் மட்டுமே, நரம்பில்தான் ஏற்ற வேண்டும். தசையில் போட்டால் சதை அழுகி உயிர் போகலாம். பாறுகளுக்கும் அது ஆகாது. மலையடிவார ஊர்களில் மாட்டுக்கு அதைத் தவிர்க்கச் சொல்லுங்கள்.

புகார் கொடுக்கப் போனால் கால்நடைத் துறை ‘மருந்து விவகாரம், அங்கே போ’ என்னும். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ‘மாட்டு விவகாரம், இங்கே வராதே’ என்னும். நடையாய் நடந்தே பலர் விட்டுவிடுகிறார்கள். தடை மருந்தை விற்ற கடை மீது புகார் மாவட்ட மருந்து ஆய்வாளருக்குப் போக வேண்டும். அரசு ஊழியர் போட்டிருந்தால் கால்நடை பராமரிப்புத் துறையின் மண்டல இணை இயக்குநருக்கு. படிக்காதவர் வைத்தியம் பார்த்திருந்தால் மாநிலக் கால்நடை மருத்துவ மன்றத்துக்கு. எழுத்தில் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் ஸ்பீடு போஸ்ட், அல்லது திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டம். காலிப் பாட்டிலைக் கழுவாமல் பில்லோடு பத்திரப்படுத்துங்கள். மாட்டுக்காரர் மேலேயே கேஸ் வரும் என்று யாராவது மிரட்டினால் பயப்பட வேண்டாம்: தடை இருப்பது தயாரிப்பு, விற்பனை, விநியோகம் ஆகியவற்றுக்கு. மூன்றாண்டு வரை சிறை என்பதும் அவற்றைச் செய்தவர்களுக்குத்தான்.