கஷாயத்துக்கு முன் சாம்பாரைக் கவனியுங்கள்

மழைக்காலம் தொடங்கியதும் உணவு ஆலோசனைக்கு வருபவர்களின் முதல் கேள்வி மாறிவிடும். எடை, சர்க்கரை எல்லாம் பின்னுக்குப் போய், "எதிர்ப்புச் சக்தி கூட என்ன சாப்பிடலாம்?" என்பது முன்னுக்கு வரும். கேட்கும்போதே பையிலிருந்து ஏதாவது ஒரு பொடி டப்பாவும் வெளியே வரும். அதை ஓரமாக வைத்துவிட்டு நாங்கள் திருப்பிக் கேட்பது இதைத்தான்: நாலு பேருக்கு சாம்பார் வைக்க எவ்வளவு பருப்பு போடுகிறீர்கள்?

கேள்வி சம்பந்தமில்லாததுபோலத் தோன்றும். ஆனால் கிருமியை அடையாளம் கண்டு பிடிக்கும் ஆன்டிபாடிகள் எல்லாமே புரதங்கள். வெள்ளணுக்கள் பெருகுவதற்கும் புரதம் வேண்டும். காய்ச்சல் வந்தால் உடல் தன் தசையைக் கரைத்தாவது அந்தப் புரதத்தை எடுத்துக்கொள்ளும். இருப்பு குறைவாக உள்ளவர்தான் ஒரு வாரக் காய்ச்சலுக்கு ஒரு மாதம் துவண்டு கிடக்கிறார்.

இதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று இருக்கிறது. ஜார்க்கண்டில் 4 மாவட்டங்களில், காசநோயாளிகளின் வீடுகளில் நடந்த 'ரேஷன்ஸ்' ஆய்வின் முடிவு 2023 ஆகஸ்டில் வெளியானது. நோயாளியுடன் ஒரே கூரையின் கீழ் இருப்பவர்களில் ஒரு பிரிவினருக்கு அரிசி, துவரம் பருப்பு, ஒரு சத்து மாத்திரை ஆகியவை மாதாமாதம் கொடுக்கப்பட்டன. ஆளுக்கு ஒரு நாளைக்கு 750 கலோரியும் 23 கிராம் புரதமும் கூடுதலாகக் கிடைக்கும்படி கணக்கு. அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது சுமார் 40 சதவீதம் குறைந்தது. அங்கே யாருக்கும் அபூர்வ மூலிகை எதுவும் கொடுக்கப்படவில்லை. பசியோடு இருந்தவர்களுக்குச் சோறும் பருப்பும் போனது, அவ்வளவுதான்.

நம் வீடுகளில் பசி இல்லையே என்று தோன்றலாம். வயிறு நிறைகிறது, உண்மைதான். புரதக் கணக்கைப் பார்ப்போம். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளுக்கு 46 கிராம் வரும். காலையில் மூன்று இட்லியும் சட்னியும் 7 கிராம். மதியம் 100 கிராம் அரிசியில் வடித்த சோறு, சாம்பார், பொரியல், கொஞ்சம் மோர் எல்லாம் சேர்ந்து 15 கிராம். நாலு மணிக்கு டீயும் இரண்டு பிஸ்கட்டும் 3 கிராம். ராத்திரி இரண்டு தோசை 6 கிராம். மொத்தம் 31. மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிட்டும் 15 கிராம் துண்டு விழுகிறது.

இதை அடைக்கப் பொடி வேண்டாம். ஒரு முட்டையில் 6 கிராம். 30 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் இன்னொரு 6. ஒரு சின்னக் கைப்பிடி வேர்க்கடலை, அதாவது 25 கிராம், இன்னொரு 6. இவற்றில் மூன்று வேண்டுமென்பதில்லை, இரண்டரை போதும். மீன் சாப்பிடுபவர்களுக்கு இன்னும் எளிது. 100 கிராம் மத்தியிலோ நெத்திலியிலோ ஏறத்தாழ 20 கிராம் புரதம் கிடைத்துவிடும், விலையும் வஞ்சிரத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

இனி சாம்பார். நாலு பேருக்கு 75 கிராம் துவரம் பருப்பு போட்டால் ஆளுக்கு 4 கிராம் புரதம்தான். 150 கிராம் போட்டால், அதாவது 200 மில்லி டம்ளரில் முக்கால் அளவுக்குச் சற்று மேல், 8 கிராம் ஆகும். கெட்டியாகிப் பிடிக்கவில்லை என்றால், பாதிப் பருப்பைச் சாம்பாருக்கும் மீதியைக் கூட்டுக்கோ உசிலிக்கோ எடுத்துக்கொள்ளுங்கள். பலர் கவனிக்காத ஒன்று, பருப்பு பாத்திரத்தின் அடியில் தங்கிவிடும். கரண்டியை அடிவரை விட்டுக் கலக்காமல் மேலாக மொண்டு ஊற்றினால், முதலில் சாப்பிடும் பிள்ளைகளுக்குப் புளித்தண்ணீர்தான் போகிறது. இட்லி மாவிலும் இடம் உண்டு. நாலுக்கு ஒன்று என்று உளுந்து போடுபவர்கள் மூன்றுக்கு ஒன்றாக்கலாம். அதற்கு மேல் போனால் இட்லி தட்டையாகப் படுத்துவிடும். அடைக்கு அந்தக் கவலை இல்லை, அரிசியும் பருப்புகளும் சரிபாதி போடலாம்.

அடுத்தது இரும்புச் சத்து. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இதில் நடக்கும் தவறு பெரும்பாலும் சமையலில் இல்லை, டீயில் இருக்கிறது. கீரையும் பருப்புமாக நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவிய கையோடு டீ குடித்தால், அதிலுள்ள டானின் இரும்போடு ஒட்டிக்கொண்டு அதை உடலுக்குள் போகவிடாது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம். இரும்பு மாத்திரை போடுபவர்கள் அதைப் பாலோடும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையோடும் சேர்க்கக் கூடாது. முருங்கைக்கீரையைப் பற்றியும் ஒரு வார்த்தை: 100 கிராமில் இரும்பு சுமார் 4.5 மில்லிகிராம்தான், அதிலும் உடலில் சேர்வது சிறு பங்கு. நல்ல கீரை, ஆனால் அதை மட்டும் நம்பி ரத்தசோகையைச் சரிசெய்துவிட முடியாது.

அந்தச் சிறு பங்கைக் கூட்டுவது வைட்டமின் சி. கீரையும் பருப்பும் சாப்பிடும் அதே வேளையில் அது வயிற்றுக்குள் போனால்தான் பலன். காலையில் தனியாக நெல்லிச் சாறு குடிப்பது மதியச் சாப்பாட்டுக்கு உதவாது. இது சூட்டிலும் தண்ணீரிலும் காற்றிலும் வீணாகும் சத்து. எலுமிச்சை ரசத்துக்கு அடுப்பை அணைத்த பிறகே சாறு பிழிகிறோமே, கசக்கும் என்பதற்காகச் செய்வது இதையும் காப்பாற்றுகிறது. கீரையை நறுக்கிவிட்டுத் தண்ணீரில் அலசினால் சத்து தண்ணீரோடு போய்விடும். முதலில் அலசி, பிறகு நறுக்கி, வேகவைத்த நீரைக் கொட்டாமல் சமையுங்கள். எதுவும் முடியவில்லையா, ஒரு கொய்யாப்பழம் வாங்குங்கள். 100 கிராமில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி. பெண்களுக்கான நாள் தேவை 65, ஆண்களுக்கு 80. ஆரஞ்சில் இதில் கால் பங்குகூட இல்லை. கிவிப் பழத்துக்குக் கொடுக்கும் காசு வீண் செலவு என்பதே எங்கள் கருத்து. தேன் நெல்லியும் நெல்லி லேகியமும் சர்க்கரைப் பாகில் ஊறியவை. நீரிழிவு உள்ளவர்கள் அவற்றைச் சத்துக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கட்டுக்குள் இல்லாத சர்க்கரை வெள்ளணுக்களின் வேகத்தைக் குறைக்கும்.

எதிர்ப்புச் சக்திக்கு வேண்டிய இன்னொரு சத்து துத்தநாகம். இது பயறு, கடலை, கேழ்வரகு, எள் போன்றவற்றில் இருக்கிறது. ஆனால் அவற்றிலேயே உள்ள பைட்டேட் என்ற பொருள் அதைக் கட்டிவைத்துக்கொள்ளும். அந்தக் கட்டை அவிழ்க்கத்தான் ஊறவைப்பது, முளைகட்டுவது, புளிக்கவைப்பது. பச்சைப்பயறை 8 மணி நேரம் ஊறவைத்து, ஈரத்துணியில் 12 மணி நேரம் கட்டிவைத்தால் முளை எட்டிப் பார்க்கும். சிறு குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முளைப்பயறைப் பச்சையாகக் கொடுக்காமல் ஆவியில் வேகவைத்துக் கொடுங்கள், முளைக்கும் ஈரச்சூட்டில் கிருமிகளும் வளரும். சமையலில் பூண்டும் வெங்காயமும் சேர்ந்தால் தானியம், பயறுகளிலுள்ள இரும்பும் துத்தநாகமும் கூடுதலாக விடுபடுவதை மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வகச் சோதனை காட்டியிருக்கிறது. பூண்டுக் குழம்பை இதற்காகவும் வைக்கலாம்.

தயிரைப் பற்றிச் சுருக்கமாக: வடித்த சூட்டோடு சோற்றில் தயிரைப் பிசைந்தால் அதிலுள்ள நல்ல பாக்டீரியா செத்துவிடும். கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறட்டும். மோர்க்குழம்பில் புரதம் மிஞ்சும், பாக்டீரியா மிஞ்சாது.

மஞ்சள் பால்மீது இருக்கும் நம்பிக்கையின் அளவுக்கு, மஞ்சளின் முக்கியப் பொருளான குர்குமின் அதில் இல்லை. பொடியில் ஏறத்தாழ 3 சதவீதம்தான், ஒரு தேக்கரண்டிக்கு 100 மில்லிகிராம்கூட வராது. பெங்களூரில் நடந்து 1998-இல் வெளியான ஆய்வில், மிளகிலுள்ள பைப்பரின் அது உடலில் சேர்வதை 20 மடங்காக்கியது. ஆனால் அங்கே கொடுத்தது 2 கிராம் குர்குமின். அதற்கு 60 கிராமுக்கு மேல் மஞ்சள்தூள் வேண்டும். தூக்கத்துக்கும் தொண்டைக்கும் இதமாக இருக்கிறதென்றால் குடியுங்கள், தவறில்லை.

தவறு நடப்பது வேறிடத்தில். தினமும் இரண்டு வேளை மிளகு, சுக்குக் கஷாயம் குடித்து வயிறு புண்ணாகி வருபவர்கள் உண்டு. அதிமதுரத்தை வாரக்கணக்கில் எடுத்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். சீந்தில் எடுத்துக்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது; கண் மஞ்சளானால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். கொரோனா காலத்தில் பழகிய 50 மில்லிகிராம் துத்தநாக மாத்திரையை இன்னும் சிலர் விடவில்லை. மாதக்கணக்கில் போட்டால் தாமிரச் சத்து குறைந்து, எந்த எதிர்ப்புச் சக்திக்காக எடுக்கிறார்களோ அந்த வெள்ளணுக்களே குறையும்.

குழந்தைகளுக்கு இன்னும் இரண்டு விஷயம். 9 மாதம் முதல் 5 வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ சொட்டுமருந்தும், ஒரு வயதுக்குப் பிறகு ஆண்டுக்கு இருமுறை குடற்புழு நீக்க மாத்திரையும் அரசு இலவசமாகக் கொடுக்கிறது. வயிற்றில் புழு இருந்தால் போடும் சத்தில் அதற்கும் ஒரு பங்கு போகும். கேரட், பப்பாளி, கீரை எதுவானாலும் அந்த வேளையில் ஒரு தேக்கரண்டி எண்ணெயோ நெய்யோ இருக்கட்டும். கொழுப்பு இல்லாவிட்டால் அவற்றின் வைட்டமின் ஏ சரியாகச் சேராது.

இவ்வளவு செய்தும் எடை காரணமில்லாமல் குறைகிறது, இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டுகிறது என்றால், உணவை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம். காசநோய் என்று உறுதியானால், சிகிச்சை முடியும் வரை சத்துணவுக்கென்று மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். கணக்கு எண்ணைப் பதிவு செய்ய மறந்துவிடாதீர்கள், வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கும் அன்றே பரிசோதனை கேளுங்கள்.